இருநூற்று நான்கு கூமுட்டைகள்

முட்டைக்குள் உயிர் இருக்கிறதா இல்லையா என்று கோழிக்குத் தெரியும். உள்ளே இருக்கிற குஞ்சுக்கும் தெரியும். இரண்டும் சம்பந்தப்பட்ட கட்சிகள் என்பதால் இரண்டின் பேச்சும் எடுபடாது. நடுநிலையாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அதற்காக ஏற்பட்டதுதான் முட்டை உயிர் உறுதி வாரியம். 'உயிருக்கு நாமே சாட்சி' என்று வாசலில் பித்தளை எழுத்தில் பதித்திருப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை அதைத் துடைத்துப் பளபளப்பாக்க ஓர் ஆள் உண்டு. வாரியத்தில் வேலை என்று நடந்தது அது ஒன்றுதான் என்று பொரிப்பகக்காரர்கள் சொல்வார்கள். வயிற்றெரிச்சல்காரர்கள், அப்படித்தான் பேசுவார்கள்.

நம்ம இமைக்காரரும் பொரிப்பகம் நடத்துகிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் உரிமத்தில் மட்டும் உயிரோடிருந்தது. முட்டையைக் கையில் எடுத்தால் மூடிய இமைமேல் ஒரு கணம் வைத்துப் பார்ப்பார். சூடு கூடுதலா குறைச்சலா என்று அரை டிகிரிவரை சொல்லிவிடுவார். தெர்மாமீட்டர் பொய் சொன்ன நாள் உண்டு, அவர் இமை பொய் சொன்ன நாள் கிடையாது. முட்டைகள் செட்டர் என்ற பெட்டியில் பதினெட்டு நாள் இருக்கும். மணிக்கொரு தரம் ட்ரே தானாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். பிறகு ஹேட்சர் என்ற பெட்டியில் மூன்று நாள். இருபத்தோராம் நாள் குஞ்சு. பதினெட்டு வருஷமாக இதில் ஒரு நாள்கூட அவருக்குக் கணக்குப் பிசகியதில்லை.

பிசகியது வாரியத்துக்கு.

முன்பெல்லாம் ஆய்வாளர் ஏழாம் நாள் வருவார். ஏழாம் நாள் நல்ல முட்டைக்கு விளக்குப் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்பு சிலந்தி வலைபோலப் படர்ந்திருக்கும். நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். கெட்டுப்போனது கறுத்துக் கிடக்கும். அதனால் வாரியத்தின் கையேட்டில் ஒரே வரியில் எழுதி வைத்தார்கள்: 'ஒளி புகுந்தால் உயிர், இருட்டெனில் இறப்பு.' புதிதாக வந்த தலைவர் இதைப் படித்தார். "ஏழு நாள் பழக்கத்துல ஒருத்தனைப் பத்தி என்ன தெரியும்? பதினெட்டாவது நாள் பாருங்க" என்று உத்தரவு போட்டார். ஆய்வு நாள் மாறியது. கையேடு மாறவில்லை, அதை மாற்ற வேறு குழு, அந்தக் குழுவுக்கு இன்னும் நாற்காலி வரவில்லை.

பதினெட்டாம் நாள் முட்டைக்குள் குஞ்சு ஓடு நிறைய, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விளக்குப் பிடித்தால் இருட்டு. ஆள் முழுசாக இருப்பதால் வந்த இருட்டு அது. அன்றைக்குப் பளிச்சென்று வெளிச்சம் விடுகிற முட்டை ஒன்றே ஒன்றுதான்: உள்ளே ஆதிமுதல் ஒன்றுமே இல்லாத கூமுட்டை.

ஆய்வாளர் வந்தார், விளக்கைப் பிடித்தார்.

"இருட்டு. இறப்பு."

"சார், பதினெட்டாம் நாளு இருட்டாத்தான் இருக்கணும்" என்றார் இமைக்காரர். "உள்ள ஆள் இருக்குல்ல?"

"ஆள் இருந்தா லைட்டு எரியுமே."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று இமைக்காரர் யோசித்து முடிப்பதற்குள் நாலு ட்ரே செத்துவிட்டது. மொத்தம் நாலாயிரத்து முந்நூற்று இருபது முட்டை. நாலாயிரத்து நூற்றுப் பதினாறுக்குக் கரியால் பெருக்கல் குறி விழுந்தது. இருநூற்று நான்கு கூமுட்டைக்குப் பச்சை மையில் வட்டச் சீல்: 'உயிருள்ளது'.

இமைக்காரரின் மனைவி தரகர் வீட்டில் பிறந்தவள். நாக்கு அங்கேயே தீட்டி முடிந்து வந்தது. "கூமுட்டைக்கெல்லாம் தேடித்தேடி உயிருன்னு குத்துறாரே, சொந்தக்காரங்கன்னு நெனச்சுட்டாரா?" என்றாள்.

"அம்மா என்னமோ சொல்றாங்க?"

"ஒண்ணுமில்லைங்க சார், உங்க கைராசியைச் சொல்றா."

ஆய்வாளர் உத்தரவை எழுதி நீட்டினார். இறந்தவற்றை மூன்று நாளுக்குள், ஆய்வாளர் முன்னிலையில், குழி வெட்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கவோ வளாகத்தை விட்டு அப்புறப்படுத்தவோ வேண்டும். தவறினால் உரிமம் ரத்து. எழுதும்போது நன்றாகத்தான் எழுதினார். கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, "உங்க மச்சான் இங்கதான இருக்காரு? அவருக்கு... இப்பவும் கேக்குதா?" என்றார்.

 பதிலுக்குக் காத்திராமல் படி இறங்கிவிட்டார்.

மச்சான் உள்ளறையில்தான் இருந்தார். இமைக்காரர் மனைவியின் அண்ணன். மேட்டில் பொரிப்பகம் வைத்திருந்ததால் மேட்டுக்காரர். புது உத்தரவுப்படி முதல் ஆய்வு நடந்தது அவர் இடத்தில், போன மாதம். ஆறாயிரம் முட்டை இருட்டு. ஆறாயிரமும் புதைத்தார். வாரியத் தலைவர் நேரில் வந்து கை குலுக்கினார், படம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் மேட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டு குழிப்பக்கம் போனார். மண் கீச்சென்றது.

ஒன்றரை நாள் அப்படிக் கேட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்; காவலுக்கு நின்ற வாரிய ஆள், 'புதைத்ததைத் தோண்ட மனு வேண்டும்' என்றான். மனு எழுதி முடிப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. அவருக்கு மட்டும் நிற்கவில்லை. இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பார். சாப்பிடும்போது ஒரு கையை எடுப்பார், அந்தப் பக்கத் தோளை உயர்த்திக் காதை அடைத்துக்கொள்வார். தரையில் நடந்தால் தூங்குகிற பிள்ளைகளைத் தாண்டுகிறவர்போல விரலூன்றி நடப்பார்.

"தெரிஞ்சேதான் புதைச்சீங்களா மச்சான்?" என்று இமைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"தெரியும் மாப்ளே. ஆனா சீல் வெச்சு, கையெழுத்துப் போட்டு, அத்தனை பேர் சுத்தி நின்னு செத்துச்சு செத்துச்சுங்குறாங்க. நம்ம கண்ணுதான் தப்போன்னு ஆயிடுச்சு" என்றவர், காதை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, "ரெண்டு கூடை சுண்ணாம்பு நானே கூடுதலாப் போட்டேன். நல்ல பேர் வாங்கலாம்னு" என்றார்.



இப்போது அதே உத்தரவு இமைக்காரர் கையில். பத்தொன்பதாம் நாள் ஹேட்சர் கதவில் காதை வைத்தார். உள்ளே, ஓட்டுக்குள்ளிருந்தே, ஒன்றையொன்று கூப்பிட ஆரம்பித்திருந்தன. மறுநாள் காலை ஒரு முட்டையை எடுத்தார், கரிப்பெருக்கல் போட்டது. இமைமேல் வைத்துப் பார்த்தார். பஞ்சு வைத்த டப்பாவில் பொத்திக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனார்.

மூன்று மேசை தாண்டித் தலைவர் அறை. தலைவர் நல்லவர். யார் வந்தாலும் உட்காரச் சொல்வார். எழுந்திருக்கும்போது வந்த காரியம் மறந்திருக்கும்.

"என்னது டப்பாவுல?"

"முட்டைங்க. செத்ததுன்னு உங்க ஆய்வாளர் குறி போட்டது. கொஞ்சம் காது குடுத்துக் கேளுங்க."

டப்பா கீச்சென்றது. அடுத்த மேசைக் குமாஸ்தா தலை நிமிர்ந்தார். தலைவர் பார்த்ததும் குனிந்துகொண்டார்.

"காதா?" என்றார் தலைவர் பொறுமையாக. "சட்டத்துல 'பார்த்து உறுதி செய்க'ன்னுதான் இருக்கு. 'கேட்டு'ன்னு ஒரு இடத்துல இல்ல. நான் இப்பக் கேட்டேன்னு வைங்க, அது அதிகார வரம்பு மீறல். என்னை நீங்க தப்பு செய்யச் சொல்றீங்க."

முட்டை மேசைமேல் லேசாக உருண்டது. ஓட்டில் ஒரு நட்சத்திர விரிசல். அதன் நடுவிலிருந்து ஊசிமுனை அளவு அலகு எட்டிப் பார்த்தது.

"இப்பப் பாருங்க! கண்ணாலயே பாருங்க!"

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. "கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே நெடுநேரம் துடைத்தார்.

"ஐயா, இது உயிருங்க. இதைப் போய்ப் புதைக்கச் சொல்றீங்களே."

"இங்க பாருங்க. நானும் ஈர நெஞ்சுக்காரன்தான். ஆனா யோசிங்க. உங்க இருட்டு முட்டை உயிருன்னு நான் எழுதிட்டா, மேட்டுல போன மாசம் புதைச்சுதே ஆறாயிரம், அது என்ன ஆகும்? அதுவும் உயிருன்னு ஆயிடும். இந்த நிமிஷம்வரை அது நிம்மதியா செத்துப் போயிருக்கு. நாலாயிரத்தைக் காப்பாத்துறேன்னு ஆறாயிரத்தைக் கொல்லச் சொல்றீங்களா? அந்தப் பாவத்தை என்னால சுமக்க முடியாது."

 கேட்கும்போது நியாயம்போலவே இருந்ததுதான் இமைக்காரரைப் பயமுறுத்தியது. மச்சான் சொன்னது இதைத்தானோ?

தலைவர் எழுந்து தோளில் தட்டினார். "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதும்பாங்க. வாரியம் உங்களுக்குத் தாய்க்கோழி. மிதிச்சா கொஞ்சம் வலிக்கும், அவ்ளோதான்."

"எங்களுக்கு இல்லைங்க, குஞ்சுக்கு..."

"பழமொழி சொல்றப்ப குறுக்க பேசாதீங்க."

வீடு திரும்புவதற்குள் டப்பாவில் முட்டை இரண்டாகிக் குஞ்சு ஈரத்தோடு கிடந்தது. மனைவி அதை எடுத்துப்போய் அண்ணன் மடியில் வைத்தாள். "அண்ணா, கை சூடு குடு. எனக்கு வேலை இருக்கு." மேட்டுக்காரர் விழித்தார். குஞ்சைப் பொத்தவேண்டுமானால் காதிலிருந்து கையை எடுக்கவேண்டும். ஒரு கையை மட்டும் எடுத்தார்.

அவள் வேலை உத்தரவைப் படிப்பது. தரகர் வீட்டுப் பெண் எந்தத் தாளையும் இரண்டு தரம் படிப்பாள்: முதல் தரம் விற்கிறவனாக, இரண்டாம் தரம் வாங்குகிறவனாக.

"என்னங்க, இங்க வாங்க. 'புதைக்கவோ வளாகத்தை விட்டு அப்புறப்படுத்தவோ'ன்னு போட்டிருக்கே. அப்புறப்படுத்துவோமே."

"எங்க?"

"குஞ்சு கேட்டுப் பண்ணைக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்களே, அங்க."

"செத்ததுன்னு எழுதியிருக்கேம்மா."

"அதான் வசதி. உயிருள்ள குஞ்சை அனுப்பணும்னா ஏழு சான்று. பொணத்துக்கு ஒரே கையெழுத்து."

இருபத்தோராம் நாள் விடிந்ததும் ஹேட்சரைத் திறந்தார்கள். மஞ்சள் தூசி மேகமாக வந்தது. ஓடும் குஞ்சும் கலந்து ஒரே இரைச்சல். நூற்று முப்பத்தேழு முட்டை உடையவில்லை. அவை நாணயமாகச் செத்தவை, வாரியத்தைக் கேட்காமல் தாங்களாகவே செத்தவை. மீதி மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு. பெட்டிக்கு நூறு, தொழில் வழக்கப்படி கொசுறு இரண்டு, முப்பத்தொன்பது பெட்டி. ஒவ்வொன்றிலும் மனைவி கொட்டை எழுத்தில் 'இறந்தவை' என்று ஒட்டினாள்.

பிறந்த குஞ்சுக்கு வயிற்றுக்குள் மூன்று நாளுக்கான மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். அதற்குள் பண்ணை போய்ச் சேர்ந்து தண்ணீர் குடித்துவிட்டால் பிழைக்கும். வாரியத்தில் முறையீடு முடிய இருபத்தோரு வேலை நாள்.

ஆய்வாளர் வந்து வேன் அருகே நின்றார். இரைச்சலில் அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"எல்லாம் இறந்ததுதானே?"

"என்ன சார்?"

"இறந்ததுதானேன்னு கேட்டேன்!"

"நீங்கதான சார் எழுதிக் குடுத்தீங்க!"

ஒரு பெட்டியின் காற்றுத் துளை வழியாக ஒரு குஞ்சு தலையை நீட்டி ஆய்வாளரின் பேனாவைக் கொத்தியது. அவர் கையெழுத்துப் போட்டார்.  தாளைக் கொடுத்துவிட்டு இமைக்காரர் முழங்கையைப் பிடித்தார். "எனக்கும் கேக்குதுங்க. மேட்டுக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து. பேனா மூடியைத் திறந்தா கேக்குது. மூடுனா நிக்குது. அதனாலதான் நான் இப்பல்லாம் அதிகமா எழுதுறதில்ல."

"அப்ப மேல சொல்லுங்களேன் சார்."

"எழுதித்தானே சொல்லணும்" என்றார் ஆய்வாளர்.

சோதனைச் சாவடியில் நடந்ததை வேன் ஓட்டுநர் திரும்பி வந்து சொன்னான். அங்கே இருந்தவர் வண்டியைச் சுற்றி வந்தாராம். "தாளு செத்துச்சுங்குது, வண்டி கத்துது. நான் எதைப்பா நம்புறது?" ஓட்டுநர், "உங்களுக்குச் சம்பளம் தாளுல வருதா, சத்தத்துல வருதா?" என்றானாம். தடுப்புக் கட்டை மேலே போயிற்று. மாலைக்குள் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டுப் பிணங்களும் தண்ணீர் குடித்தன.

இத்துடன் கதை முடிந்திருக்கலாம். மிஞ்சியது 'உயிருள்ளது' என்று சீல் வாங்கிய இருநூற்று நான்கு. ஹேட்சர் சூட்டில் ஐந்து நாள் கிடந்ததும் அவை வேலையைக் காட்டின. ஒன்று 'பட்'டென்று வெடித்தது. பொரிப்பகம் முழுக்க மூக்கைப் பிடித்தது. கூமுட்டை வெடித்தால் அந்த அறையில் அடுத்து வைக்கிற முட்டைக்கும் கேடு. இமைக்காரர் வேறென்ன செய்வார்? தோட்டத்து மூலையில் குழி வெட்டி, உடையாத நூற்று முப்பத்தேழோடு சேர்த்துப் புதைத்தார்.

மறுநாள் காலை வாரியத் தலைவர் வாழ்த்துப் பலகையோடு வந்து இறங்கினார். 'வாரியச் சான்று பெற்ற 204 குஞ்சுகளை வரவேற்கிறோம்.' பின்னால் குமாஸ்தா, படம் பிடிக்கிறவர், ஆய்வாளர்.

"எங்க நம்ம பிள்ளைங்க?"

இமைக்காரர் தோட்டத்து மூலையைக் காட்டினார். "புதைச்சுட்டோங்க."

தலைவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "உயிரோடயா?"

"ஐயா, அது கூமுட்டைங்க."

"சான்று இருக்குய்யா! சீல் இருக்கு!"

சரியாக அந்த நேரம் பார்த்து மண்ணுக்குள் ஒன்று வெடித்தது. 'பட்.' கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"கேட்டீங்களா? உள்ளேர்ந்து தட்டுறாங்க!" என்று தலைவர் அலறினார். அன்று டப்பாவுக்கு இல்லாத காது இன்று குழிக்கு முளைத்திருந்தது.

விசாரணை மூன்றாம் நாள், வாரியத்தின் பெரிய அறையில். குற்றம்: வாரியச் சான்று பெற்ற இருநூற்று நான்கு உயிர்களை உயிரோடு புதைத்தது. தண்டனை உரிமம் ரத்து என்பது கூட்டம் கூடுவதற்கு முன்பே தட்டச்சு ஆகிவிட்டது. இமைக்காரரும் மனைவியும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மேட்டுக்காரர் தானும் வருவேன் என்று வந்து, வழக்கம்போல ஒரு கை காதிலும் மறு காதில் உயர்ந்த தோளுமாக அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மறு கை சட்டைப்பைமேல் இருந்தது. பைக்குள் அந்தக் குஞ்சு. ஒரு வாரமாக அது அவரை விட்டு இறங்கவில்லை.

"தீர்ப்புக்கு முன்னாடி, அந்த இருநூத்தி நாலு பேருக்காக ரெண்டு நிமிஷம் மௌனம்" என்றார் தலைவர். எல்லாரும் எழுந்தார்கள்.

கீச்.

தலைவர் கண்ணைத் திறந்தார். மூடினார். கீச் கீச். யாரும் திரும்பவில்லை. சத்தத்தை நிறுத்தச் சொல்லவேண்டுமானால் சத்தம் கேட்டதாக ஒப்புக்கொள்ளவேண்டும். கரிப்பெருக்கல் போட்ட முட்டையிலிருந்து வந்த குரல் அது. கேட்டதாக ஒப்புக்கொண்டால் மேடு முழுக்க எழுந்து வந்துவிடும். அதேசமயம், மௌனம் கடைப்பிடிக்கப்பட்டது என்று குறிப்பேட்டில் ஏறாமல் மௌனம் முடியாது. குமாஸ்தா பேனாவோடு தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். இரண்டு நிமிடம் ஐந்தாயிற்று, பத்தாயிற்று. எல்லாரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

மனைவி கணவன் பக்கம் சாய்ந்தாள். "நிக்கட்டும், விடுங்க. தீர்ப்பு ஓடியா போகும்?"

கடைசியில் குஞ்சுக்குத்தான் அலுத்தது. மேட்டுக்காரர் பையை விரித்துக் காட்டினார். கழுத்தை மடக்கி, கண்ணைச் செருகி, தூங்கிவிட்டிருந்தது. அறையில் மின்விசிறியின் கடகடப்பு மட்டும். 'முடிஞ்சுது, இனி உக்காரச் சொல்வாங்க' என்று இமைக்காரர் நினைத்தார்.

யாரும் சொல்லவில்லை.

முதலில் ஆய்வாளர்தான் தரையைப் பார்த்தார். பிறகு படம் பிடிக்கிறவர் ஒரு காலைத் தூக்கி வைத்தார், எதையோ மிதித்துவிட்டவர்போல. குமாஸ்தா பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். இமைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். விசிறியைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மனைவியைப் பார்த்தார், அவளும் இல்லையென்று தலையசைத்தாள். தலைவர் உதடு ஏதோ எண்ணுவதுபோல அசைந்தது. ஆறாயிரம் வரை எண்ணவேண்டியவர்போல அவசரமாக அசைந்தது. பிறகு மெல்ல, மிக மெல்ல, இரண்டு உள்ளங்கையையும் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டார்.

மேட்டுக்காரர் அதைப் பார்த்தார். தன் காதில் இருந்த கையை எடுத்து, அது யாருடையது என்பதுபோல ஒரு கணம் பார்த்தார். தோள் கீழே இறங்கியது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் கேட்டார்.

"என்ன மாப்ளே," என்றார், "இங்க இவ்ளோ அமைதியா இருக்கு?"